பயிர் என்னுது, பணம் அவருக்கா? – வெள்ள நிவாரணம்: வாசகர் கேள்வி, பதில்

சென்ற இதழில் "பயிர் நிவாரணம் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று ஆசிரியர் ஒரு வரி போட்டார். ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. நான் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். வீடு தண்டையார்பேட்டையில், வேலை பார்த்ததெல்லாம் வட சென்னை முடிந்து ஆறும் வயலும் தொடங்குகிற பக்கம். பணம், பட்டா சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் யார் பெயரையும் போடவில்லை. ஊர் மட்டும்.

மேடம், ஒரு ஏக்கர் அறுபது சென்ட் குத்தகைக்கு எடுத்து பிபிடி நெல் போட்டிருந்தேன். 2023 டிசம்பர் மழையில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் ஏறி, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஆறு நாள் நின்றது. கணக்கெடுக்க வந்தவர்கள் வயலில் நின்ற என்னைத்தான் போட்டோ எடுத்தார்கள். பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போய்விட்டது. பயிர் என்னுது, பணம் அவருக்கா? – வாசகர், விச்சூர்

உங்கள் கடிதத்தைக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து படித்தேன். கேட் திறப்பதற்குள் மூன்று முறை படித்துவிட்டேன்.

முதலில் தொகை. மிக்ஜாம் புயலுக்கு அறிவித்தபடி, பாசன வசதியுள்ள நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். உங்கள் ஒன்று அறுபதுக்கு ஏறக்குறைய 11,000 வரும். அந்தப் பணத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'இடுபொருள் மானியம்'. போன விளைச்சலுக்கு அது விலை இல்லை. விதைக்கும் உரத்துக்கும் போட்ட காசில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த விதையும் உரமும் கடனுக்கு வாங்கியது நீங்கள். அப்படிப் பார்த்தால் பணம் உங்களுடையது. சந்தேகமே இல்லை.

நடப்பது வேறு. வி.ஏ.ஓ.வும் வேளாண் உதவி அலுவலரும் சேர்ந்து வயலுக்கு வருகிறார்கள். சர்வே எண், பரப்பு, பயிர், சேதம் எத்தனை சதவீதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். பிறகு பட்டியலோடு இணைக்கப் பட்டா நகல், ஆதார் நகல், பாஸ்புக் நகல் வேண்டும் என்கிறார்கள். பட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கிறது. பட்டாவை எடுத்துக்கொண்டு வருகிறவர் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வருகிறார். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு முந்நூறு பெயர் கொண்ட பட்டியலை முடித்து அனுப்ப வேண்டியவர், இந்தச் சர்வே எண்ணை உழுதது யார், அந்தச் சர்வே எண்ணில் நாற்று நட்டது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். நானும் அப்படி முடித்து அனுப்பியவள்தான், மறைக்க என்ன இருக்கிறது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு உங்களைப் போலவே ஒருவர் என் மேசைமுன் வந்து நின்றார். அவர் உழுத நிலத்தின் சொந்தக்காரர் பழைய வண்ணாரப்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அப்பா வழியில் வந்த நிலம். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. பணம் வந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துவிட்டு, "இது என்னாத்துக்கு வந்துச்சுன்னு எனக்கே புரியலைங்க" என்றார். இருவரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினேன். கடைக்காரர் பாதி கொடுத்தார். மீதிப் பாதியை அந்த வருஷக் குத்தகை பாக்கியில் கழித்துக்கொண்டார். உழுதவர் அதற்கே கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் 2023 பணத்துக்கு வருவோம். நேராக நிலத்துக்காரரிடம் போய்ப் பேசுங்கள். ஊரில் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். அங்கே மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். ஆனால் ஒருவர் கணக்கில் விழுந்த பணத்தை எடுத்து இன்னொருவருக்குத் தர வைப்பது லேசில் நடக்காது. பொய் நம்பிக்கை தர மாட்டேன்.

இப்போது ஆவணி. சம்பா வேலை ஆரம்பிக்கிற நேரம். அதனால் நீங்கள் செய்ய வேண்டியது அடங்கல் வேலை. கிராமக் கணக்கு எண் 2 என்பது அதுதான். எந்தச் சர்வே எண்ணில், இந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டில்) என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்பதெல்லாம் அதில் ஏறும். நட்டு முடித்த பதினைந்து இருபது நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் போய், சாகுபடி உங்களுடையது என்று அதில் பதியச் சொல்லுங்கள். கையோடு நிலத்துக்காரரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தச் சர்வே எண்ணை இன்னார் பயிர் வைக்கிறார், நிவாரணமோ காப்பீடோ வந்தால் அவருக்கே கொடுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை, இரண்டே வரி. வயலில் தண்ணீர் நிற்கும்போது போய் இந்தக் கடிதத்தைக் கேட்டால் கிடைக்காது. நாற்றங்கால் பச்சையாக இருக்கும்போது கேட்டால் கிடைத்தாலும் கிடைக்கும்.

குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. பதிவேட்டில் பெயர் ஏறினால் உங்களை லேசில் அசைக்க முடியாது. அந்தக் காரணத்தாலேயே நிலத்துக்காரர்கள் பதிய விடுவதில்லை. பதியப் போனவருக்கு அடுத்த வருஷம் நிலமே கிடைக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே சட்டப் பதிவுக்குப் போவதா, சம்மதக் கடிதத்தோடு நிற்பதா என்பதை நீங்கள்தான் முடிவு பண்ண வேண்டும். உங்கள் நிலத்துக்காரர் குணம் எனக்குத் தெரியாது.

எனக்கு 70 சென்ட். டிவியில் 17,000 என்றார்கள். கணக்கில் ஐயாயிரம்கூட ஏறவில்லை. நடுவில் யார் எடுத்தது? – வாசகி, மீஞ்சூர்

யாரும் எடுக்கவில்லை அம்மா. 17,000 என்பது ஹெக்டேருக்கு. ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். ஏக்கர் கணக்கில் 6,880 ரூபாய்தான் ஆகிறது. உங்கள் 70 சென்டுக்கு 4,816. பட்டாவை எடுத்துப் பாருங்கள், பரப்பு 'ஹெக்டேர் – ஏர்' என்று இருக்கும்; நூறு ஏர் ஒரு ஹெக்டேர். உங்களுடையது 28 ஏர் சொச்சம் என்று போட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் கிழவர்கள் இன்னும் 'காணி' என்றுதான் பேசுகிறார்கள். டிவி 'ஹெக்டேர்' என்கிறது. நடுவில் உட்கார்ந்து வி.ஏ.ஓ. திட்டு வாங்குகிறார்.

மிக்ஜாமுக்கு முன் இதே தொகை 13,500 ஆக இருந்தது. மானாவாரிப் பயிருக்கு 7,410-லிருந்து 8,500 ஆனது. மா, தென்னை மாதிரிப் பல்லாண்டுப் பயிருக்கு 18,000-லிருந்து 22,500. ஆனால் நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு பாசன நெல்லுக்கு 20,000 அறிவித்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்று வருஷம் கழித்து வந்த வெள்ளத்துக்கு 3,000 குறைவு. உரக் கடையில் எந்த வருஷம் விலை குறைந்தது என்று எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

எங்கள் தெருவில் மூன்று பேருக்குப் பணம் வந்தது, எனக்கு வரவில்லை. கேட்டால் "33 சதவீதம் இல்லை" என்கிறார்கள். கண்ணால் பார்த்து 33 என்று எப்படிச் சொல்வது? – வாசகர், வெள்ளிவாயல்

நல்ல கேள்வி. எனக்கு உறுத்துகிற கேள்வியும்கூட.

பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் அழிந்திருந்தால்தான் காசு. 32 என்றால் ஒரு ரூபாயும் இல்லை. 2015 வரைக்கும் இந்தக் கோடு 50-இல் இருந்தது. அந்த வருஷம்தான் 33-க்கு இறக்கினார்கள்.

எப்படி முடிவு செய்கிறார்கள் என்றால், வரப்பில் நின்று பார்ப்பார்கள். கொஞ்சம் இறங்கி, சாய்ந்த பயிர் எவ்வளவு, அழுகியது எவ்வளவு, நிமிர்ந்தது எவ்வளவு என்று பார்ப்பார்கள். தண்ணீர் நிற்கும்போது வந்தால் முழுக்கச் சேதம் மாதிரி தெரியும். வடிந்து பத்து நாள் கழித்து வந்தால் பாதி தலை தூக்கியிருக்கும். ஆனால் தலை தூக்கிய பயிரெல்லாம் மணி பிடிக்குமா? பூத்த பிறகு முழுகிய நெல் பச்சையாகத்தான் நிற்கும். அறுக்கும்போது பதர். இதை ஒரு விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; புதிதாக வேலைக்கு வந்த அதிகாரிக்குச் சொல்லித்தரத்தான் வேண்டியிருக்கிறது.

2008-இல் நிஷா புயல். நான் அப்போது வி.ஏ.ஓ. ஒரு அம்மாவின் வயலுக்கு 45 என்று எழுதினேன். கோடு 50. பச்சையாக இருந்ததே, நம்பிவிட்டேன். தையில் அந்த அம்மா ஒரு முறத்தில் நெல்லை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்து, என் முன்னால் புடைத்துக் காட்டினார். முறத்தில் நின்றது இரண்டு கைப்பிடி. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு பூத்த பயிர் மூன்று நாளுக்கு மேல் முழுகியிருந்தால் நான் வரப்பில் நின்று முடிவு பண்ணியதே இல்லை. ஒரு கதிரைப் பிடுங்கி, மணியை நகத்தால் நசுக்கிப் பார்ப்பேன்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். தண்ணீர் ஏறிய நாள், நின்ற நாள், வடிந்த நாள் மூன்றிலும் செல்போனில் படம் எடுங்கள். தேதி தெரிய வேண்டும். பின்னால் ஏதாவது அடையாளம், கோயிலோ டவரோ, தெரிய வேண்டும். அலுவலர் வரும்போது வீட்டில் இருக்காதீர்கள், வயலில் இருங்கள். கதிரைப் பிடுங்கிக் கையில் கொடுங்கள்.

பிபிடி போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அந்த ரகம் ஆந்திராவில் பாபட்லாவில் உருவானது. மிக்ஜாம் நம்மை மூழ்கடித்துவிட்டு 2023 டிசம்பர் 5 அன்று கரை கடந்ததும் அந்தப் பாபட்லாவுக்குப் பக்கத்தில்தான்.

என் மகன் அமெரிக்காவில் அயோவாவில் இருக்கிறான். அங்கே ஒவ்வொரு கவுண்டியிலும் எந்த விவசாயிக்கு எவ்வளவு பேரிடர் உதவி கிடைத்தது என்று பெயரோடு பார்க்கலாம் என்கிறான். நிஜமா? இங்கே ஏன் இல்லை? – வாசகர், தண்டையார்பேட்டை

நிஜம். பக்கத்துத் தெருக்காரர் கேட்டுவிட்டாரே என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கவுண்டி என்பது நம் வட்டம் மாதிரி, சில இடங்களில் மாவட்டம் அளவுக்குப் பெரியது. என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்கிற தன்னார்வ அமைப்பு, அமெரிக்க வேளாண் துறையிடம் தகவல் உரிமைச் சட்டப்படி விவரம் வாங்கி, 1995 முதல் போன பணத்தைக் கவுண்டி வாரியாக எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் என்ன வாங்கினார் என்று காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம். நம் ஊரில் இப்படி வந்தால் டீக்கடையில் முதல் வாரம் அடிதடிதான்.

எனக்கு அதைவிடச் சுவாரசியமாக இருந்தது பணம் போகிற வழி. அங்கே விவசாயிகள் அந்தந்தக் கவுண்டியில் உள்ள ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி அலுவலகத்துக்குப் போய், எந்த வயலில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒவ்வொரு வருஷமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். நம் அடங்கல்தான், ஆனால் எழுதுகிறவர் விவசாயி. பயிரின் நஷ்டத்தை யார் தலையில் சுமக்கிறாரோ உதவி அவருக்கு. ரொக்கக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரில் உட்கார்ந்திருக்கும் நிலத்துக்காரருக்குப் பயிர் உதவி கிடையாது. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டிருந்தால் அவரவர் பங்குப்படி பிரிகிறது. விச்சூர்க்காரர் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்.

அங்கேயும் கோடு உண்டு. கவுண்டியில் ஏதாவது ஒரு பயிராவது 30 சதவீதம் போயிருந்தால் வேளாண் அமைச்சர் அதைப் பேரிடர்ப் பகுதி என்று அறிவிக்கலாம்; அதன் பிறகு அவசரக் கடன். புயலிலோ வெள்ளத்திலோ மாடு செத்தால் சந்தை விலையில் 75 சதவீதம். மேய்ச்சல் நிலம் காய்ந்தால், வாராவாரம் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் அந்தக் கவுண்டி என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கிறார்கள். யாரும் வரப்பில் நிற்பதில்லை. அந்த மேய்ச்சல் திட்டத்தில் ஒருவருக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு. நம் விதியில் பயிருக்கு 2 ஹெக்டேர், அதாவது 34,000 ரூபாய். ஆயிரக்கணக்கான ஏக்கரில் மாடு மேய்க்கிறவர்களோடு எழுபது சென்ட் அம்மாவை ஒப்பிட்டு நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை.

இங்கே ஏன் இல்லை என்றால், பாதி இருக்கிறது. பிஎம் கிசான் பயனாளிகள் பட்டியலை ஊர் வாரியாக இணையத்தில் பார்க்கலாம். வெள்ள நிவாரணப் பட்டியலை உங்கள் கிராமத்துக்குக் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். சர்வே எண், சாகுபடியாளர் பெயர், சேத சதவீதம் மூன்றையும் கேளுங்கள். பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பதிலும் பொத்தாம் பொதுவாகத்தான் வரும்.

மழைத் தண்ணீரில் என் கறவை மாடு செத்துப்போனது. தண்ணீரோடு போய்விட்டது, உடல் கிடைக்கவில்லை. உதவி உண்டா? – வாசகி, சடையங்குப்பம்

பசு, எருமைக்கு 37,500 ரூபாய். மிக்ஜாமுக்கு முன் 30,000. ஆட்டுக்கு 4,000. கோழிக்கு நூறு. சாதாரணமாக அரசு கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து சான்று தர வேண்டும். உடல் இல்லாதபோது சிக்கல்தான், முடியாது என்று இல்லை. மாட்டின் காதில் வில்லை போட்டிருந்தால் அந்த எண் கால்நடை மருந்தகத்தில் பதிவாகியிருக்கும். பால் ஊற்றிய சொசைட்டி அட்டை, அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் வாக்குமூலம், வி.ஏ.ஓ. விசாரணை அறிக்கை, இவற்றோடு வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். காதில் வில்லை போட்டால் மாட்டுக்கு வலிக்கும் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வயலில் கால் புதையும் அளவு மணல். இதற்கு ஏதாவது? – வாசகர், நாப்பாளையம்

உண்டு. படிந்தது மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தால், அகற்ற ஹெக்டேருக்கு 18,000. அளவுகோலை நட்டுப் படம் எடுத்த பிறகு மணலை அள்ளுங்கள். அள்ளிவிட்டுப் போய்க் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

நாங்களும் கடலில் விதைக்கிறவர்கள்தானே? எங்களுக்கு என்ன கணக்கு? – வாசகர், எண்ணூர்

உங்களுக்குத் தனிக் கணக்கு, மீன்வளத் துறை வழியாக. மிக்ஜாமில் முழுவதும் சேதமான கட்டுமரத்துக்கு வலையோடு சேர்த்து 50,000, வல்லத்துக்கு 1 லட்சம். அதே டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவக் குடும்பத்துக்கு 12,500, படகைச் சரிசெய்ய 10,000 என்று வேறாகக் கொடுத்தார்கள். இறாலும் நண்டும் கையால் தடவிப் பிடிக்கிறவர்களுக்குப் படகு ஏது? அந்தப் பெண்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அடுத்த இதழில் தனியாக எழுதுகிறேன், இரண்டு வரியில் முடிக்கிற விஷயமில்லை.

ரேஷன் கடையில் 6,000 வாங்கிவிட்டேன். பயிர்ப் பணத்தில் அதைக் கழிப்பார்களா? – வாசகி, மணலி புதுநகர்

கழிக்க மாட்டார்கள். அது குடும்பத்துக்கு, இது பயிருக்கு.

பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறேன். நிவாரணம் வந்தால் காப்பீடு கிடைக்காதா? – வாசகர், பொன்னேரி

இரண்டும் வேறு வேறு. நிவாரணம் உங்கள் வயலைப் பார்க்கிறது. காப்பீடு ஊர் முழுவதையும் பார்க்கிறது: வருவாய்க் கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி எடுப்பார்கள். ஊர் விளைச்சல் சரியாக இருந்து உங்கள் தாழ்ந்த வயல் மட்டும் போயிருந்தால் கைக்கு ஒன்றும் வராமல் போகலாம். அதற்காகக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். சம்பா நெல்லுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். இதற்கும் அடங்கல் கேட்பார்கள்.

பட்டா எங்கள் அப்பா பெயரில். அவர் காலமாகிப் பதினாறு வருஷம். பட்டியலில் பெயர் இருந்தது, பணம் திரும்பிவிட்டது என்றார்கள். – வாசகர், மீஞ்சூர்

காலமானவர் பெயருக்குப் பணம் வந்தால் திரும்பாமல் என்ன செய்யும். வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். தங்கைகளை விட்டுவிட்டு மாற்றலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள், கூடாது. பணம் திரும்ப இன்னொரு காரணமும் உண்டு: ஆந்திரா வங்கி, அலகாபாத் வங்கி போன்றவை 2020-இல் வேறு வங்கிகளோடு இணைந்தபின் ஐஎஃப்எஸ்சி எண் மாறியது. பெட்டியிலிருந்து பழைய பாஸ்புக்கை எடுத்து நகல் கொடுப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். புதிய பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு அதன் நகலைக் கொடுங்கள்.

விச்சூர்க்காரருக்கு மட்டும் கடைசியாக ஒன்று. கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்தது குத்தகை எழுதிய அசல் தாள். நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். தபால்காரர் வரும் நேரத்தில் வயலுக்குப் போய்விடாதீர்கள்.